தோட்டப்பள்ளி நூலகத்துக்கு எந்த பார்கோடு ஸ்கேனர்?

"நூலகத்துக்கு ஸ்கேனர் வாங்கணும் சார். ஷாப்பியில பார்த்தா எக்கச்சக்கமா இருக்கு. எதை எடுக்கிறது?"

கோலசிலாங்கூர் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடமிருந்து புலனத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, எல்லாவற்றையும் ஒரே பதிவில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். பள்ளி நூலகப் பொறுப்பில் இருப்பவர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர்களும் முழுவதும் படித்தால் பயன் உண்டு.

அவசரமாகப் பதில் வேண்டுபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பியுள்ள யுஎஸ்பி ஸ்கேனர், அதில் 2டி வகை, மேசையில் நிற்க வைக்கத் தாங்கியோடு வருவது. நம் பள்ளிகளுக்கு இது போதும். ஆனால் நூலில் ஒட்டப்போகும் லேபிளையும் அதில் அச்சிடப்போகும் எண்ணையும் முடிவு செய்யாமல் ஸ்கேனர் வாங்காதீர்கள். நூலகம் நன்றாக நடக்குமா நடக்காதா என்பதை அந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

நம் பள்ளிகளின் நிலைமை

கோல்ஃபீல்ட்ஸ், துவான் மீ, புக்கிட் செராக்கா, ராஜா மூசா என்று தோட்டங்களின் பெயரையே தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் இந்த மாவட்டத்தில் பல. 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை வணிகப் பயிராக நாட்டிலேயே முதன்முதலில் நட்டதும் இங்கேதான், பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்துத் தென்னமாரம் தோட்டத்தில். பிற்காலத்தில் பால்மரம் இருந்த இடமெல்லாம் செம்பனையானது. செம்பனைக்கு அவ்வளவு ஆள் தேவையில்லை. தோட்டங்கள் கைமாறின, பல துண்டாடப்பட்டன. லயங்களில் இருந்த குடும்பங்கள் தாமான்களுக்குப் போயின. தோட்டப்பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தார்கள். 150 மாணவருக்கும் குறைவான பள்ளியைக் கல்வி அமைச்சு 'குறைந்த மாணவர் பள்ளி' என்று வகைப்படுத்துகிறது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் கணிசமானவை இந்த வகைதான்.

மாணவர் குறைந்தால் ஆசிரியரும் குறைவு. அறிவியல் சொல்லிக்கொடுத்து, வகுப்பாசிரியராகவும் இருந்து, விளையாட்டுப் போட்டிக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் ஒருவரிடம்தான் நூல் வளநிலையமும் இருக்கும். ஆகவே நூலக முகப்பில் ஓய்வு நேரத்தில் உண்மையில் நிற்கப்போவது நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள். வரிசையில் இருபது பேர் நிற்பார்கள். ஓய்வு முடிய மணி அடிக்கும். பதிவேட்டில் பெயர், வகுப்பு, நூல் எண், தேதி என்று கையால் எழுதினால் பாதிப்பேர் நூல் வாங்காமலே வகுப்புக்குத் திரும்புவார்கள். ஸ்கேனர் அந்த வரிசையை நகர்த்துகிறது. நம் பள்ளிக்கு அது தேவை என்று நான் சொல்வதற்கு முதன்மையான காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் நீலாம். 1990களின் இறுதியில் தொடங்கிய இந்த வாசிப்புத் திட்டத்தின் பதிவுகள் இப்போது அய்ன்ஸ் இணையத்தளத்துக்குப் போய்விட்டன. மாணவர் அதில் தாம் படித்ததைப் பதிய வேண்டும் என்றால் முதலில் நூல் கைக்கு வர வேண்டும். எந்த நூல் யாரிடம் இருக்கிறது, எது மூன்று மாதமாகத் திரும்பவில்லை, எந்த நூலைப் பிள்ளைகள் மாறி மாறிக் கேட்கிறார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரிந்தால் அடுத்த முறை சரியான நூலை வாங்கலாம்.

அட்டையில் ஏற்கனவே பார்கோடு இருக்கிறதே?

ஒவ்வொரு பள்ளியிலும் கேட்கிறார்கள். நூலின் பின்னட்டையில் இருப்பது ஐஎஸ்பிஎன் எண். உலகம் முழுவதும் அந்தப் பதிப்புக்கு அது ஒன்றுதான். ஒரே கதைப்புத்தகம் உங்கள் நூலகத்தில் ஐந்து படிகள் இருந்தால் ஐந்திலும் அதே எண்தான் இருக்கும். கவிதா எடுத்தது எந்தப் படி, முகிலன் கிழித்துவிட்டது எந்தப் படி என்று ஐஎஸ்பிஎன்னால் சொல்ல முடியாது. ஆகவே இரவல் கொடுப்பதற்கு ஒவ்வொரு படிக்கும் நூலகத்தின் சொந்த எண் வேண்டும்.

இன்னொன்று, நம் அலமாரிகளில் இருக்கும் பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் ஐஎஸ்பிஎன்னே கிடையாது. சென்னையிலிருந்து வந்த பழைய பதிப்புகள், இங்கே எழுத்தாளர்கள் சொந்தச் செலவில் அச்சிட்ட கவிதை, சிறுகதைத் தொகுப்புகள் எல்லாம் இதில் அடங்கும். ஐஎஸ்பிஎன்னை மட்டும் நம்பினால் அந்த நூல்கள் கணினிக்கு வெளியே நின்றுவிடும். மலேசியத் தமிழ் எழுத்து நம் பள்ளி நூலகத்திலேயே காணாமல் போவதை ஏற்றுக்கொள்ளவே முடியாது.

அதற்காக ஐஎஸ்பிஎன்னை ஒதுக்கிவிட வேண்டாம். நூலை முதன்முதலில் பதியும்போது அது பெரிய உதவி. சில மென்பொருள்கள் அந்த எண்ணைக் கொண்டே தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் ஆகியவற்றை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். மலாய், ஆங்கில நூல்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். தமிழ் நூல்களுக்குப் பெரும்பாலும் நாமே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.

எண்ணைப் பார்த்தே நூல் எங்கிருந்து வந்தது என்றும் ஓரளவு சொல்லலாம். 978க்கு அடுத்து 967, 983, 629 இருந்தால் மலேசியா. 81, 93 இந்தியா. 955, 624 இலங்கை. 981 சிங்கப்பூர். பிள்ளைகளிடம் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், அலமாரி முழுக்கத் தேடுவார்கள்.

கணிதப் பாடத்துக்கும் இதில் தீனி உண்டு. 13 இலக்கங்களில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. முதல் 12 இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டுங்கள். வரும் தொகை அடுத்த பத்தின் மடங்கை எட்ட எவ்வளவு வேண்டுமோ அதுதான் கடைசி இலக்கம். 978030640615 என்று எடுத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 93 வரும். நூறுக்கு இன்னும் 7 வேண்டும். கடைசி இலக்கம் 7. ஸ்கேனர் ஒவ்வொரு முறையும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே 'பீப்' என்கிறது.

2007க்கு முந்திய நூல்களில் ஒரு குழப்பம் வரும். அப்போது ஐஎஸ்பிஎன் 10 இலக்கம். உள்ளே அச்சிட்டிருக்கும் எண்ணின் கடைசி இலக்கம் ஒன்றாகவும் பார்கோடைப் படித்தால் வரும் கடைசி இலக்கம் வேறாகவும் இருக்கலாம். ஸ்கேனர் தவறாகப் படித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். முன்னால் 978 சேர்ந்ததால் சரிபார்ப்புக் கணக்கும் மாறுகிறது, அவ்வளவுதான்.

எண்ணை முதலில் முடிவு செய்யுங்கள்

என் உறுதியான கருத்து: நூலக எண்ணில் இலக்கங்கள் மட்டுமே இருக்கட்டும், எழுத்தே வேண்டாம். தமிழ்ப்பள்ளிகளுக்கு இது மிகவும் முக்கியம்.

யுஎஸ்பி ஸ்கேனரைச் செருகியதும் கணினி அதை ஒரு விசைப்பலகை என்றே எடுத்துக்கொள்கிறது. பார்கோடில் உள்ளதை ஸ்கேனர் விசை விசையாகத் தட்டி அனுப்புகிறது. நம் பள்ளிக் கணினிகளில் முரசு அஞ்சலோ விண்டோஸின் தமிழ் விசைப்பலகையோ இருக்கும். நூல் தலைப்பைத் தமிழில் தட்டச்சு செய்துவிட்டு, ஆங்கிலத்துக்கு மாற்றாமல் ஸ்கேன் செய்தால், எண்ணுக்கு முன்னால் போட்ட ஆங்கில எழுத்துகள் தமிழ் எழுத்துகளாக வந்து விழும். நூல் கிடைக்கவில்லை என்று மென்பொருள் சொல்லும். முகப்பில் நிற்கும் பத்து வயதுப் பிள்ளைக்குக் காரணம் புரியாது. கேப்ஸ் லாக் அழுந்தியிருந்தாலும் பெரிய எழுத்து சிறிய எழுத்தாகிவிடக் கூடும். இலக்கங்களுக்குப் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை.

எண் பூச்சியத்தில் தொடங்கவும் கூடாது. பட்டியலை எக்செல்லில் வைத்திருக்கும் பள்ளிகள் அதிகம். 000125 என்று ஸ்கேன் செய்தால் எக்செல் அதை 125 ஆக்கிவிடும். 100001 என்று தொடங்கி ஆறு இலக்கத்தில் எண்ணிக்கொண்டே போங்கள், சிறிய பள்ளிக்கு எத்தனை ஆண்டானாலும் போதும். ஐஎஸ்பிஎன்னுக்கான பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் 13 இலக்கமும் சுருங்கி 9.78E+12 என்பது போலத் தெரியும்.

நூலின் வகுப்பெண்ணையும் பார்கோடுக்குள் திணிக்க வேண்டியதில்லை. டியூயி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. அது முதுகுப்புற லேபிளில் இருக்கட்டும். பார்கோடு எண் அந்தப் படிக்கு உரிய அடையாளம் மட்டுமே. நாளை நூலை வேறு வகுப்புக்கு மாற்றினாலும் பார்கோடை மாற்ற வேண்டியிருக்காது.

பார்கோடு வகைகளில் 'கோட் 128' தேர்ந்தெடுங்கள். அது இரண்டிரண்டு இலக்கங்களாகச் சேர்த்து அடக்கிக்கொள்வதால் ஆறு இலக்கம் மிகச் சிறிய இடத்தில் அடங்கும். சரிபார்ப்புக் குறியும் அதில் கட்டாயம் உண்டு. பழைய 'கோட் 39' நீளமாக வரும், சரிபார்ப்பும் அதில் கட்டாயமில்லை. இலவச மென்பொருள்கள் பலவற்றிலும் கோட் 128 அச்சிடலாம்.

ஸ்கேனர் வகைகள்

லேசர் வகையில், உள்ளே அசையும் சிறு கண்ணாடி ஒரு சிவப்பு ஒளிக்கோட்டை வீசுகிறது. கோடு பார்கோடுக்குக் குறுக்கே விழ வேண்டும். சீப்ராவின் எல்எஸ்2208, ஹனிவெல்லின் வோயேஜர் 1200ஜி போன்றவை இந்த வகையில் பெயர் பெற்றவை. நன்றாக உழைக்கும். ஆனால் கைப்பேசித் திரையில் உள்ள குறியைப் படிக்காது, கியூஆர் படிக்காது. அசையும் பாகம் இருப்பதால் அடிக்கடி கீழே விழுவதும் அதற்கு ஆகாது. ஒளியை இன்னொருவர் கண்ணில் அடிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

சிசிடி வகையில் அசையும் பாகம் இல்லை. ஒரே வரிசையில் அமைந்த உணரிகள் பார்கோடைப் படிக்கும். விலையும் குறைவு. பெரும்பாலும் நூலுக்கு மிக அருகே கொண்டுபோக வேண்டும், கோட்டுக்குச் சரியாக நேராகவும் பிடிக்க வேண்டும்.

2டி வகை ஒரு சிறிய கேமரா. பார்கோடை முழுப் படமாக எடுத்து, அதற்குள் கோடுகளைத் தேடுகிறது. நூலை நேராகப் பிடித்தாலும் தலைகீழாகப் பிடித்தாலும் சாய்த்துப் பிடித்தாலும் படிக்கும். லேபிளின் ஒரு பகுதி கிழிந்திருந்தாலும் மீதமுள்ள பகுதியில் கோடுகள் முழுதாக இருந்தால் படித்துவிடும். கியூஆர் படிக்கும், திரையில் காட்டினாலும் படிக்கும். கியூஆர் 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் உருவானது. இன்று மாணவர் அட்டையில் அதை அச்சிட வேண்டுமென்றால் செலவே இல்லை. நூலுக்குக் கோட் 128, மாணவர் அட்டைக்குக் கியூஆர் என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் ஒரே ஸ்கேனர் போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் 2டி விலை கையைக் கடித்தது. இப்போது கோடுகளை மட்டும் படிக்கும் சாதாரண 1டி ஸ்கேனர் நூறு ரிங்கிட்டுக்கும் குறைவிலேயே கிடைக்கிறது, அதற்குச் சற்று மேலே போனால் 2டி வந்துவிடுகிறது. சீப்ரா டிஎஸ்2208, ஹனிவெல் வோயேஜர் 1450ஜி போன்ற பெயர் பெற்ற கருவிகளுக்குச் சில நூறு ரிங்கிட் ஆகும். நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும் கடைக்கு அவை வேண்டும். ஓய்வு நேரத்தில் முப்பது நாற்பது நூல் போய்வரும் பள்ளிக்கு உத்தரவாதத்துடன் வரும் எளிய 2டி ஸ்கேனரே போதுமானது.

கம்பி வேண்டுமா, வேண்டாமா?

கம்பியில்லாததைப் பார்த்தால் எல்லாருக்கும் ஆசை வரும். பள்ளிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு வார விடுமுறைக்குப் பிறகு வந்து பார்த்தால் மின்கலம் இறங்கியிருக்கும். கணினியில் செருகும் சிறு அலைவாங்கி தொலைந்துபோனால் ஸ்கேனரே பயனற்றுப் போகலாம். கம்பியுள்ளது செருகியதும் வேலை செய்யும், மேசையை விட்டு எங்கும் போகாது. அலமாரி அலமாரியாக நூல் கணக்கெடுப்பு நடத்துவதற்குக் கம்பியில்லாதது வசதிதான். ஆனால் அது ஆண்டுக்கு ஒரு முறை வரும் வேலை. மடிக்கணினியைத் தள்ளுவண்டியில் வைத்து அலமாரிக்கு அருகே கொண்டுபோனால் கம்பியுள்ளதை வைத்தே முடித்துவிடலாம்.

தாங்கி கட்டாயம் வேண்டும். ஸ்கேனரைத் தாங்கியில் நிறுத்தித் தானியங்கி முறையில் வைத்துவிட்டால், பிள்ளை இரண்டு கையாலும் நூலைப் பிடித்துக் கீழே காட்டினால் போதும். விசையை அழுத்த வேண்டியதில்லை. கருவி கீழே விழுவதும் குறையும்.

வாங்கியதும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும் 'என்டர்' தானாக விழும்படி அமைத்துவிடுங்கள். கையேட்டில் அதற்கென ஒரு பார்கோடு இருக்கும், அதை ஸ்கேன் செய்தால் போதும். தொடக்க அமைப்புக்குத் திரும்பும் பார்கோடும் அதே கையேட்டில் இருக்கும். இந்த இரண்டு பக்கங்களையும் நகலெடுத்து நூலக மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். பொறுப்பாசிரியர் மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருபவருக்குக் கைகொடுக்கும்.

லேபிளில் சிக்கனம் வேண்டாம்

இந்த வட்டாரத்தின் வெப்பமும் ஈரமும் காகிதத்துக்கு எதிரி. மளிகைக்கடை ரசீது போல வெப்பத்தாளில் அச்சிட்ட லேபிள்களை ஒரு பள்ளியில் பார்த்தேன். நூல்களுக்குப் பிளாஸ்டிக் உறையும் போட்டிருந்தார்கள். கோடுகள் வெளிறிப்போய், எந்த ஸ்கேனராலும் படிக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டன. வெப்பத்தாளுக்குச் சூடும் ஆகாது, சில வகைப் பிளாஸ்டிக் உறையும் ஆகாது. அலுவலகத்தில் இருக்கும் சாதாரண லேசர் அச்சுப்பொறியில், ஏ4 ஒட்டுத்தாளில் கறுப்பு மையில் அச்சிடுங்கள். பல ஆண்டுகள் நிற்கும். கோடுகளைச் சிவப்பில் அச்சிட வேண்டாம். சிவப்பு ஒளியில் படிக்கும் ஸ்கேனருக்கு அந்தக் கோடுகளே தெரியாது.

கோடுகளுக்கு இரு பக்கமும் வெற்றிடம் விடுங்கள். மிக மெல்லிய கோட்டின் அகலத்தைப் போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது விதி. லேபிளை வெட்டும்போது ஓரத்தை ஒட்ட வெட்டிவிட்டால் நல்ல ஸ்கேனர்கூடத் தடுமாறும். கோடுகளுக்குக் கீழே எண்ணும் பள்ளியின் பெயரும் இருக்கட்டும். மின்சாரம் போனால் கையால் எழுதிக்கொள்ளலாம், வழியில் தொலைந்த நூலும் பள்ளிக்குத் திரும்பும்.

எங்கே ஒட்டுவது? எல்லா நூலிலும் ஒரே இடத்தில். பின்னட்டையின் மேல்பகுதி எனக்குப் பிடித்த இடம். ஐஎஸ்பிஎன் பெரும்பாலும் பின்னட்டையின் கீழே இருப்பதால் இரண்டும் குழம்பாது. தமிழ்ச் சிறுவர் நூல்கள் பல மெல்லியவை, முதுகுப்புறத்தில் இடமே இருக்காது. அவற்றில் வகுப்பெண் லேபிளை முன்னட்டையின் இடது கீழ்மூலையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன்

முடிந்தால் ரவாங்கிலோ கிள்ளானிலோ நேரில் கடைக்குப் போங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட நூல் ஒன்று, அட்டை வளைந்த பழைய நூல் ஒன்று, நீங்களே அச்சிட்ட கோட் 128 லேபிள் ஒன்று, கைப்பேசியில் ஒரு கியூஆர் படம் ஆகியவற்றைக் கூடவே எடுத்துப் போங்கள். நோட்பேடைத் திறந்து நான்கையும் ஸ்கேன் செய்யுங்கள். தடுமாறாமல் எண் வந்தால் வாங்கலாம். இணையத்தில் வாங்குபவர்கள் திருப்பித்தரும் காலம் முடிவதற்குள் இதே சோதனையைச் செய்துவிட வேண்டும். இடி மின்னல் அதிகமான ஊர் நம்முடையது. கணினிக்கு மின்னல் தடுப்பு உள்ள மின்பலகையும் சேர்த்து வாங்குங்கள்.

மென்பொருளுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நியூசிலாந்தில் பிறந்து 2000ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த கோஹா இலவசம். ஆனால் அதை நிறுவி நடத்த, விவரம் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். இந்தோனேசியக் கல்வி அமைச்சில் 2007இல் உருவான ஸ்லிம்ஸும் இலவசம். அதைப் பள்ளிக் கணினி ஒன்றிலேயே, இணையம் இல்லாமலும் ஓட்டலாம். நம் பள்ளிகளுக்கு ஸ்லிம்ஸ் பொருத்தம் என்பது என் எண்ணம். அதுவும் பாரமாகத் தோன்றினால் ஒழுங்காக வைத்த எக்செல் பட்டியலோடு தொடங்குங்கள். எண் முறை சரியாக இருந்தால் பின்னாளில் எந்த மென்பொருளுக்கும் மாறிக்கொள்ளலாம்.

பணம் எங்கிருந்து வரும்? நூல் வளநிலையத்துக்கான தலைவீத மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. சிறிய பள்ளிக்கு அது சிறிய தொகைதான். அதை நூல் வாங்க விட்டுவிடுங்கள். ஸ்கேனரையும் லேபிள் தாளையும் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ முன்னாள் மாணவர்களோ ஏற்றுக்கொள்ளலாம். ஒரு குடும்பம் வெளியே சாப்பிடும் செலவில் முடிகிற காரியம் இது.

முன்னாள் மாணவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக்குக் கருவி வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆயிரம் இரண்டாயிரம் நூல்களுக்கு எண் போட்டு, லேபிள் ஒட்டி, தமிழ்த் தலைப்புகளைத் தட்டச்சு செய்வதுதான் பெரிய வேலை. ஓர் ஆசிரியரால் தனியாக அதை முடிக்க முடியாது. நீங்கள் படித்த தோட்டப்பள்ளிக்கு ஒரு சனிக்கிழமை நான்கு பேராகப் போங்கள். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, மடிக்கணினியையும் கையோடு கொண்டு போங்கள். ஒரு அலமாரியையாவது முடித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த வாரமே அந்த நூல்கள் பிள்ளைகளின் கைக்குப் போகும்.